உப்பு லாரியும் ஐந்து குழாய்களும்

தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் லாரி ஒன்று இருந்தது. அதற்கு வயது இருபத்தாறு. அந்த வயதில் மனிதனுக்குப் பெண் பார்ப்பார்கள். லாரிக்கு எடைக்குப் போட ஆள் பார்ப்பார்கள்.

இந்த லாரிக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. அதன் முதலாளியும் டிரைவரும் ஒருவர்தான். பெயர் தொம்மை. தன் காலில் ஆணி குத்தினால் பேசாமல் இருப்பார், லாரியில் ஒரு கீறல் விழுந்தால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். பதினோரு வருஷத்துக்கு முன் பழைய வண்டியாக வாங்கியது. அன்றே லாரியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸுக்கு அடியில் படுத்து, உப்பு கடிக்கக்கூடிய குழாய்களின் மேல் எல்லாம் சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கமாகச் சுற்றிக் கம்பியால் கட்டிவிட்டார். உப்பு லாரிக்காரர்களின் வழக்கம் அது. சிலர் பேருக்குச் செய்வார்கள், தொம்மை பக்தியோடு செய்தார்.

இருந்தும் நாலு மாதமாக லாரிக்கு ஒரு சீக்கு வந்திருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று இருமும், நின்றுவிடும். ஏர் பிடித்துவிட்டது என்பார்கள். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு டீசல் போகிற குழாயில் எங்கோ ஓட்டை. பம்ப் உறிஞ்சும்போது டீசலோடு காற்றும் உள்ளே போய்விடுகிறது. காற்றைக் குடித்து எந்த எஞ்சின் ஓடும்? தொம்மை இறங்கி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றி, மறுபடி கிளப்புவார். ஓட்டை எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை. வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, முழு லோடோடு ரயில்வே கேட்டின் நடுவில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் மேலே முன்சக்கரம், இந்தப் பக்கம் பின்சக்கரம். கேட்காரர் கத்தினார். தொம்மை முதல் கியரைப் போட்டு, ஸ்டார்ட்டரைத் திருகித் திருகி, பேட்டரி பலத்திலேயே வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உந்தி வெளியே கொண்டுவந்தார். வந்து ஆறாவது நிமிஷம் ரயில் போனது.

அன்று வீட்டு வாசலில் வைத்து அவர் மனைவி ரெஜினா, "வண்டி போனா போவுது, நீங்க போனா நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். தொம்மை லாரியைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் ஒரு தடவ வழில நின்னா எடைக்குப் போட்டுருதேன். மாதா மேல சத்தியம்" என்றார்.

வாசலில் நின்றிருந்த லாரிக்கு அது கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அது பயந்தது.

மறுநாள் காலையில் சுயம்புவின் பட்டறைக்கு வண்டி வந்தது. சுயம்பு நல்ல மெக்கானிக். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

"ஒட்டுப் போட்டது போதும் அண்ணாச்சி. மொத்தக் குழாயையும் மாத்திருவோம்" என்றான்.

"எதுல மாத்தப் போறீரு வே?"

சுயம்பு கையில் இருந்ததையெல்லாம் மேஜையில் வரிசையாக வைத்தான். செம்புக் குழாய், இரும்புக் குழாய், கறுப்பு நைலான் குழாய், ரப்பர் ஹோஸ், கடைசியில் மங்கலான நிறத்தில் ஒரு சுருள். தொம்மையின் கை நேரே செம்புக்குப் போனது. பளபளவென்று இருந்தால் யார் கைதான் போகாது?

"இதப் போடும். செம்புக்குத் துருவே கெடையாதுல்லா."

"சாப்பிட்டு வந்து பேசுவோம். வெறும் வயித்துல எத எடுத்தாலும் தப்பாத்தான் எடுப்போம்" என்று சுயம்பு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

பட்டறையில் ஆள் இல்லை. லாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"உங்களில் யார் என்னோடு வரப்போவது? நீங்கள் வந்து நான் வழியில் நின்றால் எனக்குப் பழைய இரும்புக் கடைதான். அதனால் மரியாதை பார்க்காமல் கேட்பேன்."

"கேட்பதற்கு என்ன இருக்கிறது? உன் முதலாளி என்னைத் தொட்டுவிட்டார்" என்றது செம்பு. "நான் குடமாகவும் அண்டாவாகவும் வீடு வீடாக வாழ்ந்த வம்சம். துரு என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் கிடையாது."

"சந்தோஷம். உப்பளத்துப் பாதை தெரியுமா? ஒரு குழியில் ஏறி மூன்று குழியில் இறங்குவேன். என் உடம்பில் ஆடாத இடம் கிடையாது. நாள் முழுக்க அந்த ஆட்டத்தைத் தாங்குவாயா?"

"ஆட ஆட நான் இறுகுவேன். அது எங்கள் பரம்பரைக் குணம்."

"இறுகினால்?"

"இன்னும் இறுகுவேன்."

"அதற்கு அப்புறம்?"

செம்பு கொஞ்சம் யோசித்தது. "அதற்கு அப்புறம் முறிவோம். ஆனால் மானத்தோடு முறிவோம்."

"நடுரோட்டில் நிற்கும்போது உன் மானத்தை எந்த டேங்கில் ஊற்றி ஓட்டுவது?" என்றது லாரி.

இரும்புக் குழாய் சிரித்தது. "கட்டைவிரலால் வளைக்கிற பொருளிடம் போய்க் கேட்டாயே. என்னைப் பார். நான் ஆட மாட்டேன், முறியவும் மாட்டேன். உனக்குள் இப்போது ஓடுவது என் சொந்த அண்ணன். இருபத்தாறு வருஷம் உழைத்தவன்."

"உன் அண்ணனால்தான் கேட்டில் நின்றேன்."

"அவனை உப்பு தின்றுவிட்டது. அவன் என்ன செய்வான்?"

"இப்போது உப்பு ஊரை விட்டுப் போய்விட்டதா?"

"எனக்கு மேலே பூச்சு இருக்கிறது" என்று இரும்பு மார்பைக் காட்டியது.

"எத்தனை நாள் இருக்கும்?"

"கீறல் விழாதவரைக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இரும்பு வேறு பக்கம் பார்த்தது.

நைலான் குழாய்க்கு முறை வருவதற்கே பொறுமை இல்லை. "பெரியவர்கள் முடித்தாகிவிட்டதா? உப்பா, வரச் சொல். ஆட்டமா, நானும் கூட ஆடுவேன். எடை கிடையாது, துரு கிடையாது, முறிவும் கிடையாது. இந்தக் காலத்து வண்டி எல்லாம் எங்களைத்தான் கேட்கிறது."

"நல்லது. சைலன்சருக்கு ஒரு சாண் தள்ளித்தான் நீ போக வேண்டும்."

"சைலன்சர் என்றால்... சூடாக இருக்குமோ?"

"தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்."

"பாதையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளக் கூடாதா?"

"சைலன்சர் இருபத்தாறு வருஷமாக அதே இடத்தில் இருக்கிறார். நீ வேண்டுமானால் போய் நகரச் சொல்லிப் பார்."

நைலான் குழாய் இரும்புக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது. ரப்பர் ஹோஸ் மட்டும் நிம்மதியாகச் சுருண்டு கிடந்தது.

"என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை" என்றது அது. "யார் ஜெயித்தாலும் கடைசி அரை முழம் என்னுடையது. எஞ்சின் ஒரு பக்கம் ஆடும், சேசிஸ் ஒரு பக்கம் ஆடும், நடுவில் என்னைப் போல வளைந்துகொடுக்க ஒருத்தன் வேண்டும்."

"முழு நீளத்துக்கும் நீயே வந்தால் என்ன?"

"வேண்டாம். டீசலில் ஊறி உள்ளுக்குள் வீங்குவேன். பம்ப் உறிஞ்சினால் சப்பையாகிப்போவேன். அரை முழத்துக்கு நான் ராஜா, ஆறு முழத்துக்கு நான் நோயாளி."

லாரிக்கு இந்தப் பேச்சு பிடித்திருந்தது. தன் அளவு தெரிந்தவனைப் பார்ப்பது அபூர்வம். மேஜையின் கடைசியில் இருந்த மங்கல் சுருள் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி கேட்பதற்கு முன் செம்பு முந்திக்கொண்டது.

"நீ யாரப்பா? பார்த்தால் எங்கள் ஜாடை கொஞ்சம் தெரிகிறது."

"செம்புதான். கூட நிக்கலும் இருக்கிறது. ஒரு துளி இரும்பும் உண்டு."

"எல்லாம் இருந்தால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? சுத்தமாக எந்தச் சாதி, அதைச் சொல்."

சுருள் கோபப்படவில்லை. "நான் துறைமுகத்திலிருந்து வருகிறேன். அங்கே இதை யாரும் கேட்டதில்லை. கடல் தண்ணீரில் எத்தனை நாள் நிற்பாய் என்றுதான் கேட்டார்கள்."

"எத்தனை நாள் நிற்பாய்?" என்று லாரி ஆவலோடு கேட்டது.

"எங்களைச் செய்வதே அதற்குத்தான். கப்பலுக்குள் கடல் தண்ணீரைச் சுமந்துகொண்டு எங்கள் ஆட்கள் வருஷக்கணக்காக ஓடுகிறார்கள். நான் ஒரு கப்பல் வேலையில் மிச்சம் விழுந்த சுருள். உப்பு எனக்குப் புதுசு இல்லை. மேலே கொஞ்சம் நிறம் மாறுவேன், அவ்வளவுதான்."

"ஆட்டம்?"

"செம்பு மாதிரிச் சட்டென்று இறுகிவிட மாட்டேன். சாணுக்குச் சாண் கிளிப் போட்டுப் பிடித்தால் போதும்."

"சூடு?"

"சைலன்சரோடு எனக்குச் சண்டை வராது."

"குறையே இல்லாதவன் மாதிரி பேசுகிறாயே."

"இருக்கிறது. எல்லாக் கடையிலும் கிடைக்க மாட்டேன். இரும்பு அளவுக்கு உரமும் கிடையாது, மேலே கல் பட்டால் நசுங்குவேன். அதனால் கல் தெறிக்கிற இடத்தை விட்டு உள்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று. என் மேல் எதையும் சுற்றக் கூடாது."

"ஏன்?"

பதில் மேஜையிலிருந்து வரவில்லை. லாரியின் வயிற்றுக்கு அடியிலிருந்து வந்தது. பழைய இரும்புக் குழாயின் குரல் அது.

"ஏன் என்று நான் சொல்கிறேன். இவ்வளவு பேர் கூடி வியாபாரம் பேசுகிறீர்கள், நான் எப்படிச் செத்தேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை."

"உப்பு தின்றது என்று உன் தம்பியே சொன்னானே."

"முதல் பதினைந்து வருஷமும் இதே உப்புதான். தண்ணீர் என் மேலே தெறிக்கும், பத்து மைல் ஓடினால் காற்றில் காய்ந்துவிடும். மேலாகத் துரு ஏறியது, உள்ளே கெட்டியாகத்தான் இருந்தேன். அப்புறம் தொம்மை வந்தார். எனக்கு டியூபைச் சுற்றினார். ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி இருக்காதா? அது வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. வந்தது திரும்பிப் போக வழி இல்லை. காற்று படவில்லை, வெயில் படவில்லை. பதினோரு வருஷம் நான் காயவே இல்லை. ஓட்டை விழுந்தபோதும் அந்தக் கட்டுதான் மூடி வைத்திருந்தது."

லாரிக்குப் பொறுக்கவில்லை. "அவரைக் குறை சொல்லாதே. பிரியத்தில் செய்தார்."

"பிரியம் இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?" என்றது பழைய குழாய்.

அதற்குள் சாப்பிடப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். சுயம்பு அடியில் படுத்து, கிளிப்புகளைக் கழற்றி, பழைய குழாயை முழுசாக வெளியே எடுத்துத் தரையில் போட்டான். தொம்மை டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். புது சைக்கிள் டியூபை அளவாகக் கிழித்து, நாடா நாடாவாகச் சுருட்டி வைத்திருந்தார்.

"குழாய் எதுன்னாலும் உம்ம இஷ்டம் வே. சுத்துறது மட்டும் நான் சுத்துதேன். அத வேற ஆளுகிட்ட விட மாட்டேன்."

சுயம்பு பிளேடை எடுத்துப் பழைய குழாயின் கட்டை நீளவாக்கில் அறுத்தான். கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. பிறகு துரு பொரிந்து அப்பளமாக உதிர்ந்தது. உள்ளே குழாய் என்று சொல்ல ஓரிடத்தில் ஒன்றுமே இல்லை. டியூப் சுற்றாத மிச்சப் பகுதியை அவன் ஸ்பானரால் தட்டினான். பழுப்பேறிப்போன அந்த இரும்பு கணீரென்று சத்தம் போட்டது.

தொம்மை குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

"அப்ப நாந்தான் கொன்னுருக்கேனா?"

"உப்புதான் அண்ணாச்சி கொன்னுருக்கு. நீங்க அத வெளிய போக விடல. நீங்க மட்டுமா, இங்க வார உப்பு வண்டில பாதிக்கு இதே கததான்."

"சுத்தாம விட்டா இரும்பே போடலாம்லா?"

மேஜையில் இரும்புக் குழாய் நிமிர்ந்தது.

"கிளிப்புக்கு அடில என்ன செய்வீங்க? அங்கயும் மண்ணும் உப்பும் ஏறி உக்காரும். கிளிப்பு இல்லாம குழாயக் கட்ட முடியாதுல்லா."

இரும்பு மறுபடி படுத்துக்கொண்டது.

"சரி, செம்பு?"

"உங்க ரோட்டுக்கு ஆறு மாசம் ஓடலாம், ஒரு வருசமும் ஓடலாம். என்னைக்கு முறியும்னு அதுக்கே தெரியாது. மறுபடி கேட்டுல நின்னா என்னத்தச் சொல்லுவீங்க?"

தொம்மைக்கு ரெஜினாவின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். செம்பின் மேலிருந்து கையை எடுத்துவிட்டார். சுயம்பு மங்கல் சுருளை எடுத்து நீட்டினான். தொம்மை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன சாதி வே?"

"கலப்பு. அதனாலதான் தாங்குது."

செம்புக் குழாய் அதைக் காதில் வாங்காதது போல இருந்தது.

வேலை கடகடவென்று நடந்தது. சுயம்பு குழாயை முழங்காலில் வைத்து வளைத்தான். கல் தெறிக்கிற பக்கத்தை விட்டுச் சேசிஸின் உள்பக்கமாகக் கொண்டுபோனான். சாணுக்குச் சாண் கிளிப் போட்டான். எஞ்சின் பக்கம் கடைசி அரை முழத்துக்கு ரப்பர் ஹோஸைச் செருகினான், அது முன்பே பேசி வைத்த இடம் மாதிரிப் போய் உட்கார்ந்தது. கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்ததும் எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது. ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட விட்டார்கள். ஒரு இருமல்கூட இல்லை.

"எடைக்குப் போடுத பேச்சே இனி கெடையாது வே" என்றார் தொம்மை. லாரி அந்த வார்த்தையை அப்படியே டீசலோடு சேர்த்துக் குடித்தது.

ஆனால் அவர் கிளம்பவில்லை. கையில் டியூப் நாடாவை வைத்துக்கொண்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத இப்படியே வெறுமன விட்டுரவா?"

"இப்படியே விடுங்க."

"மழ பெய்யும். உப்புத்தண்ணி அடிக்கும்."

"அடிக்கட்டும். லோடு எறக்குனதும் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. கண்ணால ஒரு பார்வ பாருங்க, போதும்."

தொம்மை தலையை ஆட்டினார். சீட்டில் ஏறக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். இறங்கி, பிளேடை வாங்கிக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"பிரேக் ஆயில் குழாயிலயும் நாந்தானே சுத்தியிருக்கேன்."

அது பின்சக்கரத்துக்குப் போகிற இரும்புக் குழாய். இதுவரை ஒரு சொட்டு கசிந்ததில்லை, ஒரு நாள் தொந்தரவு கொடுத்ததில்லை. தொம்மை கட்டை அறுத்தார். உள்ளே அதே கறுப்புத் தண்ணீர், அதே துரு. கட்டைவிரல் நகத்தால் லேசாக அழுத்தினார். நகத்தின் அடியில் பிரேக் ஆயில் முத்தாக வந்து நின்றது.

சுயம்பு குனிந்து அந்த முத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "இதோடயா லோடு அடிச்சிட்டு இருந்தீங்க" என்றான். தொம்மை அடியில் படுத்தபடியே, தான் போட்ட கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து வெளியே எறிந்துகொண்டிருந்தார். கப்பல் சுருளில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று சுயம்பு அளக்கப் போனான். தேவைக்கு மேலேயே இருந்தது.

ஆட்கள் நகர்ந்ததும் லாரி பிரேக் குழாயைக் கேட்டது: "உயிரையே கையில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாயே, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லக் கூடாதா?"

"என்னத்தைச் சொல்ல? ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வந்து கட்டைத் தொட்டுப் பார்த்து, நீ நல்லாத்தான் இருக்கே என்று சொல்லிவிட்டுப் போவார்" என்றது பிரேக் குழாய். "நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்."